கணவாய்க்கு ஆள் தெரியும்

கணவாய் மீன்கள் ஒரு நாள் கரையேறி வந்து மனிதர்களைப் பழிவாங்குவதாக இருந்தால், முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பார்த்த வேலை, மீன் கம்பெனியில் கணவாய் உரிப்பது ஒன்றுதான். இடது கையால் உடம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தலையைத் திருகி இழுத்தால், கால்களும் குடலும் மைப்பையும் மொத்தமாக வரும். மைப்பை உடையக் கூடாது. உடைந்தால் தட்டு முழுக்கக் கறுத்துவிடும். பிறகு உள்ளே விரலை விட்டு, கண்ணாடிச் சீவல் போல் இருக்கும் முள்ளை உருவி எடுத்து, தோலை உரித்து, ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையுறையைத் தாண்டி நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகாது.

"இந்தப் பாவத்துக்கு அடுத்த ஜென்மத்துல நாம கணவாயாப் பொறப்போம்டி" என்பாள் பக்கத்து இருக்கைக்காரி. ஒல்லியாக இருப்பதாலும் வாயைத் திறந்தால் குத்துவதாலும் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். "அப்பவும் இதே சூப்பர்வைசர்தான் நம்மள எடை போட்டுத் தட்டுல அடுக்குவான், பாரு."

என் கணவர் அதே கம்பெனியில் கம்ப்ரசர் ரூமில் வேலை பார்த்தார். நாங்கள் உரித்ததை உறைய வைக்கிற குளிர் அங்கிருந்துதான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வேலை நேரத்தில் பார்த்துக்கொள்ள முடியாது. அந்த மெஷினின் உறுமல் சுவர் வழியாக வரும்போது மட்டும், அவர் இருக்கிறார் என்று தெரியும்.

விடுமுறை நாளில் மதியம் சாப்பிட்டதும் கடல் அரக்கன் படம் பார்ப்போம். அது எப்படிப் பழக்கமானது என்று இருவருக்கும் ஞாபகமில்லை. யாரோ பென்டிரைவில் அள்ளிக் கொடுத்தவை; எல்லாம் நம் மொழியில் டப்பிங் செய்யப்பட்டவை. இரண்டு தலைச் சுறா, பனிக்கட்டிக்குள்ளிருந்து எழுந்து வரும் நண்டு, கப்பலைக் கட்டிப்பிடித்து நொறுக்கும் ஆக்டோபஸ். நீச்சல் உடையில் ஓடி வரும் பெண், "பேராசிரியரே, அது முட்டையிட்டிருக்கிறது!" என்று மேடையில் பேசுவது போல் சொல்வாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் அஞ்சியது நடந்துவிட்டது" என்பார். என் கணவர் சோபாவில் புரண்டு சிரிப்பார்.

அவருக்குக் கம்பியைப் பிடிப்பதில்தான் ருசி. அரக்கனின் கை தண்ணீரிலிருந்து எழும்போது, அதை மேலே தூக்குகிற மெல்லிய கம்பி ஏதாவது ஒரு காட்சியில் தெரிந்துவிடும். "கம்பி! கம்பி தெரியுது பாரு!" என்று எழுந்து நின்று டிவியைத் தொட்டுக் காட்டுவார்.

"உட்காருங்க. மறைக்காதீங்க."

"இதை எடுத்தவன் கண்ணுல இது படலையா, சொல்லு."

"பட்டிருக்கும். நம்ம கண்ணுல படாதுன்னு நெனச்சிருப்பான்."

எனக்குப் பிடித்தது வேறு. கூட்டத்தில் சாகிறவர்களை விட்டு, முக்கிய ஆட்களில் யார் முதலில் சாவார்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்வது. எங்கள் வீட்டில் அது ஒரு பந்தயம். முதல் ரத்தம் தெரிவதற்குள் ஆளுக்கு ஒரு விரலை நீட்டிக் காட்டிவிட வேண்டும். நான் தோற்றதே இல்லை. ஏனென்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடற்கரையை மூடச் சொல்லி யாராவது வந்து கெஞ்சுவார்கள். கோட்டுப் போட்ட ஒருவன், "ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். நாளை விருந்தினர்கள் வருகிறார்கள்" என்பான். அவனுக்குச் சாவு நிச்சயம். உடனே இல்லை, கொஞ்சம் ஓடவிட்டு, அவன் மேல் நமக்கு நன்றாக எரிச்சல் ஏறிய பிறகு, அவன் காரையோ பெட்டியையோ விட மனமில்லாமல் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வரும். அதற்குப் பிறகு, விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்காத ஆள் ஒருவன். அதற்கும் பிறகு, போட்டோ எடுக்கப் போன அசடுகள். நாய் ஒருநாளும் சாகாது.

ஒருமுறை அவருடைய அக்கா மகன், "இதெல்லாம் ஒரு படமா மாமா?" என்று ஒழுங்காக எடுத்த ஒரு படத்தைக் கொண்டுவந்து போட்டான். எல்லாம் நிஜம் போல் இருந்தது. தண்ணீர் நிஜம், தோல் நிஜம், அலறல் நிஜம். கைக்குழந்தையோடு ஒருத்தி மூழ்கினாள். அவள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. பாதியில் நிறுத்திவிட்டோம். நிஜம் போலப் பார்ப்பதற்கு வீட்டில் உட்கார்ந்து படம் எதற்கு என்று தோன்றியது. எங்கள் ரப்பர் அரக்கனுக்கு நடிக்கத் தெரியாது, நீந்தத் தெரியாது. ஆனால் அதற்கு ஆள் தெரியும்.

சாப்பாட்டு இடைவேளையில் இந்தக் கதைகளைத்தான் சொல்லுவேன். 'ராட்சசக் கணவாய்' என்ற படத்தை எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கணவாய் உரிக்கிறவர்களுக்குக் கணவாய் மனிதனை உரிக்கிற கதை பிடிக்காமலா போகும்? கடலோர ஹோட்டல் முதலாளி ஒருவன். அவனுடைய படகுகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக் ஒருவன். கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மெக்கானிக் பார்த்துவிடுவான். முதலாளி தோளில் கைபோட்டுப் பேசியதும், கேட்கிறவர்களிடமெல்லாம் "எனக்கு எதுவும் தெரியாது" என்பான். குளிக்க வந்த சனம் சாகும். முதலாளிக்கு அடுத்து அவனைத்தான் கணவாய் தூக்கும்.

"அந்த மெக்கானிக்கை எதுக்குடி கொன்னாங்க? பாவம், அவன் என்ன பண்ணுவான்?" என்றாள் குண்டூசி.

"தெரிஞ்சும் சொல்லல இல்ல?"

"சொன்னா வேலை போயிடுமே. பொண்டாட்டி புள்ளை இருக்காதா அவனுக்கு?"

"செத்தவங்களுக்கும் இருந்துச்சே."

"போடி. உன் கணவாய்க்கு ஈரமே இல்ல" என்று சொல்லிவிட்டு, முதலாளி சாகிற இடத்தை மறுபடியும் சொல்லச் சொன்னாள். கழற்றிய கையுறையை மறுபடி மாட்டி, ஐந்து விரலையும் நெளித்து அவள் கழுத்துப் பக்கம் கொண்டுபோனேன். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே அலறினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்னாள், "நம்ம ஒண்ணுமில்ல இப்படிப் போனா எப்படி இருக்கும்!"

'ஒண்ணுமில்ல' என்பது மேனேஜர். நாங்கள் வைத்த பெயர். கத்தி கையைக் கிழித்தாலும் ஒண்ணுமில்ல, தரை வழுக்கி இடுப்பு போனாலும் ஒண்ணுமில்ல, சம்பளம் தள்ளிப் போனாலும் ஒண்ணுமில்ல. கெட்டவர் என்று சொல்ல முடியாது. சிரித்த முகம். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார்.

குளிரூட்டுகிற அந்த மெஷின்களில் ஓடுவது அமோனியா. அது கசிந்தால் கூவுவதற்கு எங்கள் கூடத்தின் சுவரில் ஒரு அலாரம் உண்டு. ஆனால் அது தரையைக் குளோரின் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் கூவும். கூவினால் எல்லோரும் வெளியே போய் நிற்க வேண்டும், வேலை நின்றுவிடும். பெரிய லோடு போக வேண்டிய வாரத்தில் அது ஓயாமல் கூவியது. மேனேஜர் கம்ப்ரசர் ரூமுக்குப் போய், லோடு போகிறவரைக்கும் அலாரத்தின் ஒயரைக் கழற்றிவிடச் சொன்னார். என் கணவர், "வேண்டாம் சார், ஒரு பழைய வால்வு வேற சரியில்லாம இருக்கு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "ஒண்ணுமில்லப்பா, ரெண்டு நாள்தானே" என்றாராம். இவர் கழற்றிவிட்டார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்க உறுமல் திடீரென்று நின்றது. என்ன ஆயிற்று அவருக்கு என்று நிமிர்ந்து பார்த்தேன். குண்டூசி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வாயைத் திறந்ததுதான் தவறு. அமோனியா பீறிட்ட அந்தப் பழைய வால்வுக்கு நேரே இருந்த கதவு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அந்த வாயுவுக்கு ஆள் தெரியவில்லை. மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தவரை அது தேடிப் போகவில்லை. தரையோடு வந்து, யார் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்களோ அவர்களை எடுத்தது. குண்டூசி அங்கேயே போனாள். நான் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் காலைப் பிடித்துக்கொண்டு என் கணவர் அழுதார். "மேனேஜர் சொன்னாரு, நான் கழட்டினேன். விசாரணை வருது இல்ல, அப்படியே சொல்லிடுறேன். எனக்கு என்ன தண்டனை வேணாலும் குடுக்கட்டும். சொல்லிடுறேன்மா." அவர் தலையில் கை வைத்தேன்.

இப்போது வீட்டில் ஒரு மெஷின் இருக்கிறது. காற்றை இழுத்துப் பிராணவாயுவாக்கி ஒரு மெல்லிய குழாய் வழியாக என் மூக்கில் விடுகிறது. பகலெல்லாம் ஓடும் அதன் சத்தம், தூரத்துக் கம்ப்ரசரின் சத்தம் போலவே இருக்கும். அதைக் கழற்றினால் வாசல்வரை போய் வரலாம். திரும்பி வரும்போது சுவரைப் பிடிக்க வேண்டும். பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஒரு நீண்ட வாக்கியம் என்பது எனக்கு மாடி ஏறுவது மாதிரி. சிரிப்பு அதைவிடக் கஷ்டம். ஆகவே படம் பார்க்கும்போது விரலை மட்டும் நீட்டுவேன். அவரும் முன்போல எழுந்து நிற்பதில்லை. உட்கார்ந்தபடியே, "கம்பி" என்பார். நான் தலையாட்டுவேன்.

விசாரணைக்கு முந்தின விடுமுறை நாள் மதியம், 'ராட்சசக் கணவாய்' ஓடிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். பழங்களை மேஜையில் வைத்துவிட்டு, "எப்படி இருக்கீங்கம்மா? முகம் தெளிஞ்சிருக்கே!" என்றார். என் கணவர் ரிமோட்டைத் தேடினார்.

"அட, இருக்கட்டும்பா, நிறுத்தாதே. இந்த மாதிரிப் படம்னா எனக்கு உயிர். வீட்ல போட்டா பசங்க கேலி பண்றாங்க" என்று சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். அது குண்டூசி வந்தால் உட்காரும் இடம். "என்ன, கணவாயா? கம்பெனியில பாத்தது போதாதுன்னு வீட்லயுமா?" என்று சிரித்தார்.

"இதுல ஒரு பந்தயம் உண்டு சார்" என்றார் என் கணவர். பேச ஏதாவது வேண்டுமே என்று சொன்னதுபோல் இருந்தது. "யார் முதல்ல சாவாங்கன்னு சொல்லணும்."

மேனேஜர் முன்னால் நகர்ந்து டிவியை உற்றுப் பார்த்தார். ஹோட்டல் முதலாளி வெள்ளைக் கோட்டில் வந்து, மெக்கானிக்கின் தோளில் கைபோட்டு, "ஒன்றுமில்லை நண்பா, நீ கண்டது வெறும் நிழல்" என்றான்.

"இவன்தான்!" என்று மேனேஜர் விரலை நீட்டினார். "இதுல என்ன சந்தேகம்? இவன் முழியைப் பாத்தாலே தெரியலையா? திருட்டுப் பய!"

நான் அவர் விரலைப் பார்த்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை. உண்மையாகவே எதுவும் இல்லை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி படகுத்துறையில் பெட்டியை விடாமல் இழுத்துக்கொண்டு ஓடினான். கணவாயின் கை தண்ணீரிலிருந்து எழுந்து இடுப்பைச் சுற்றியது. மேனேஜர் கை தட்டினார். "அப்படிப் போடு! நல்லா வேணும். ஊர் சனத்தைக் கொன்னுட்டு எங்கடா ஓடப் பாக்குறே?" என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களாம்மா, சொன்னேன் இல்ல?" என்றார். குழந்தை மாதிரி சந்தோஷம். அந்த ஒரு நிமிஷத்தில் அவரும் நானும் ஒரே ஆளுடைய சாவுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் படங்களின் மர்மம் விளங்கியது. இத்தனை பேர் பார்க்கிறார்கள், இத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்றால், அவர்களில் வெள்ளைக் கோட்டுக்காரர்களும் இருக்கத்தானே வேண்டும்? ஒருவனுக்கும் அது தன் முகம் என்று தெரிவதில்லை. எல்லோரும் கணவாயின் பக்கம்.

பிறகு மேனேஜர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குரலையும் குறைத்துக்கொண்டார்.

"விசாரணையில ஒண்ணுமில்லப்பா. அலாரம் ஏன் அடிக்கலன்னு கேப்பாங்க. அந்த இடத்துல எலித் தொல்லை எப்பவும் உண்டுதானே?"

"எலியா சார்?"

"ஒயரை எலி கடிச்சிருந்தது. நீ பாத்தே. முடிஞ்சுது. உனக்கும் பாதகமில்ல, யாருக்கும் பாதகமில்ல. எலியை யாரு போய்ப் பிடிக்கப் போறாங்க?" கொஞ்சம் சிரித்தார். "அப்புறம், கழட்டினது நீதான்னு வந்துச்சுன்னா கம்பெனி உன்னை வச்சுக்க முடியாது. உன்னை வச்சுக்கலேன்னா..." என்று நிறுத்தி, மூலையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தார். "இது கம்பெனி குடுத்தது. நல்லா வேலை செய்யுதாம்மா?"

குழாய் வழியாக மூச்சு வந்துகொண்டிருந்தது.

"நல்லா செய்யுது சார்" என்றார் என் கணவர்.

மேனேஜர் போன பிறகு பழங்களை எடுத்து வைக்க யாரும் எழவில்லை. ஒருவழியாக என் கணவர், "நான் அதெல்லாம் சொல்ல மாட்டேன். உனக்குச் சொன்னதைத்தான் சொல்லுவேன்" என்றார். யாரோ தன்னை மறுத்துப் பேசியதுபோல் சற்று உரக்கச் சொன்னார்.

விசாரணைக்குச் சின்ன சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வேண்டாம் என்றார், கேட்கவில்லை. நீளமான அறை, நீளமான மேஜை, மேலே மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. கடைசி வரிசையில் குண்டூசியின் தாயார் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் மடியில் இருந்த சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கனமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

என் கணவரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அலாரம் ஏன் வேலை செய்யல?"

என் கணவர் திரும்பி அறை முழுவதும் தேடினார். என்னைக் கண்டுபிடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்குக் குழாயைப் பார்த்தார். அது எங்கே போகிறது என்று சிலிண்டர்வரைக்கும் பார்த்தார்.

"எலி கடிச்சிருக்கும்னு நினைக்கிறேன் சார்."

"நினைக்கிறீங்களா, பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

குண்டூசியின் தாயார், "எலியா?" என்றார். யாரிடமும் இல்லாமல், மெதுவாக. ஏதோ சின்ன ஊர்ப் பெயரைக் கேட்டு, அது எங்கே இருக்கிறது என்று யோசிப்பது போல. மகளைக் கொன்றது எது என்று இனி யாராவது கேட்டால் அவர் சொல்ல வேண்டிய பதில் அது. அவருக்கு ஒரு அரக்கன்கூடக் கிடைக்கவில்லை.

மேனேஜர் வெளியே வரும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் எனக்குப் பெரிய மெஷினைப் போட்டுக் குழாயை மாட்டிவிட்டார். காதுக்குப் பின்னால் முடி சிக்காமல் ஒதுக்கிவிட்டார். எப்போதும் அப்படித்தான் செய்வார். தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு செய்வதற்கு எதுவும் இல்லாமல் போனதும், டிவியைப் போட்டார். மேனேஜர் வந்த அன்று பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து படம் தானாகவே தொடங்கியது.

மாற்றச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் மாற்றினார் என்று ஆகிவிடுமே.

நீச்சல் உடைப் பெண் மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உண்மையைக் கூறு! அன்று நீ என்ன கண்டாய்?"

"எனக்கு எதுவும் தெரியாது" என்றான் மெக்கானிக். வழக்கமாக எங்களுக்குச் சிரிப்பு வரும் இடம் அது. டப்பிங் குரல் அவன் வாய் மூடிய பிறகும் கொஞ்சம் நீளும்.

அவன் படகில் தனியாக ஏறினான். இயந்திரத்தின் மேல் குனிந்தான். தண்ணீர் அசைந்தது. கணவாயின் கை அவன் பின்னால் எழுந்தது. பச்சை ரப்பர், தையல் தெரியும் ரப்பர். அதைத் தூக்குகிற கம்பி வெயிலில் பளிச்சென்று மின்னியது. பார்வை இல்லாதவருக்கும் தெரியும். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண் அந்தக் கம்பியின் மேல்தான் இருந்தது. "கம்பி" என்று அவர் சொல்லவில்லை.

மெக்கானிக் மறைந்தான். கொஞ்சம் நுரை. அவனுடைய தொப்பி மிதந்தது.

"பாவம்" என்றார் என் கணவர். "அவன் என்ன பண்ணுவான்?"

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. சாப்பாட்டு மேஜையில், கையுறையோடு, சிரித்துக்கொண்டே ஒருத்திக்கு நான் சொன்ன பதில். அதைச் சொல்ல எனக்கு ஒரு முழு மூச்சு வேண்டும். மூலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எனக்காக வாங்கி வந்த மூச்சு குழாய் வழியாக வந்தது. உள்ளே இழுத்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெதுவாக வெளியே விட்டேன். அடுத்ததை இழுத்தேன்.